பழைய கட்டுரைகளைச் சுழற்சியாகப் பகிர்வதற்கு எத்தனை நாள் இடைவெளி?

கேள்வி: கோண்டாவில் வாசகி, 2025 பெப்ரவரி 22

ஐயா, வீட்டுத்தோட்டம், ஊர்ச் சமையல், கிணற்று நீர் ஆகியவை பற்றி நான் எழுதிய கட்டுரைகள் எண்பது சேர்ந்துவிட்டன. வெளியிடும் நாளில் நாலு பேர் வாசிக்கிறார்கள். அதன் பிறகு எவரும் அந்தப் பக்கம் வருவதில்லை. எல்லாவற்றையும் ஒரு திட்டமிடும் கருவியில் ஏற்றி, ஒவ்வொன்றும் 30 நாளுக்கு ஒரு முறை பேஸ்புக்கிலும் ருவிற்றரிலும் தானாக வெளிவரும்படி அடுக்கிவிட்டால், பிறகு நான் அதைத் தொடத் தேவையில்லை என்று நினைக்கிறேன். என்னோடு படிப்பிக்கும் ஆசிரியை ஒருவர், அப்படிச் செய்தால் ஆட்கள் பக்கத்தை விட்டே போய்விடுவார்கள் என்கிறார். 30 நாள் சரியா, 60 நாள் சரியா?

2025 பெப்ரவரி 23

முதலில் கணக்கைப் பார்ப்போம். எண்பது கட்டுரைகள், ஒவ்வொன்றும் 30 நாளுக்கு ஒரு முறை என்றால், நாளொன்றுக்கு ஏறத்தாழ மூன்று பதிவுகள் வெளிவரும். ஒருவர் தனியாக நடத்தும் பக்கத்தில் நாள்தோறும் மூன்று பழைய கட்டுரைகள் வந்துகொண்டிருந்தால், புதிதாக எழுதும் கட்டுரை அவற்றுக்கிடையே அகப்பட்டு மறைந்துபோகும். நாளுக்கு ஒன்று என்று வைத்தால் ஒரு சுற்று முடிய 80 நாள் ஆகும். ஒவ்வொரு கட்டுரைக்கும் நான்கு வெவ்வேறு அறிமுக வாசகங்களை எழுதி வைத்தால், அதே வாசகம் திரும்பி வருவதற்கு 320 நாள் ஆகும். அதாவது கிட்டத்தட்ட ஒரு வருடம். ஆகவே இடைவெளியைத் தனியாகத் தெரிவுசெய்ய வேண்டிய தேவை இல்லை. நாளொன்றுக்கு எத்தனை பதிவு என்பதையும், கட்டுரைக்கு எத்தனை வாசகம் என்பதையும் தீர்மானித்தால் இடைவெளி தானாக வந்துவிடும்.

அடுத்தது, எங்கே எதற்கு அனுமதி உண்டு என்பது. 2018 பெப்ரவரியில் ருவிற்றர் தன் விதிகளை இறுக்கி, ஒரே வாசகத்தைப் பல கணக்குகளிலிருந்து தானியங்கியாக இடுவதைத் தடைசெய்தது. கருவிகளை நடத்துவோருக்கு அந்த ஆண்டு மார்ச் 23 வரை அவகாசம் கொடுத்தது. ஒரே கணக்கில் ஒரே வாசகத்தைத் திரும்பத் திரும்ப இடுவதும் அதன் விதிகளுக்கு முரணானது. ஆகவே ஒரே பதிவை மாதந்தோறும் மறுபடி அனுப்பும் வசதியைப் பல கருவிகள் ருவிற்றருக்கு மட்டும் நீக்கிவிட்டன. 2023 யூலையில் அதன் பெயர் எக்ஸ் என்று மாறிய பிறகும் இந்தப் போக்கு மாறவில்லை. பேஸ்புக்கில் 2018 ஓகஸ்ட் 1 முதல் வெளிக் கருவிகள் எவையும் தனிநபர் கணக்கில் பதிவிட முடியாது. தனிநபர் கணக்கிலிருந்து வேறாகத் தொடங்கும் ‘பக்கம்’ (பேஜ்) என்பதில் மட்டுமே முடியும். உங்களிடம் பக்கம் இல்லையென்றால் முதலில் அதைத் தொடங்குங்கள்.

உங்கள் ஆசிரியத் தோழி சொல்வதிலும் உண்மை இருக்கிறது. ஆட்களை எரிச்சலூட்டுவது, தேவையில்லாத நேரத்தில் அதே சொற்களோடு வந்து நிற்கும் பதிவுதான். கிணறு வற்றும் மாதத்தில் கிணற்றைப் பற்றிய கட்டுரை மூன்றாம் முறை வந்தாலும் ஒருவரும் கோபிப்பதில்லை. அதை எடுத்து இன்னொருவருக்கு அனுப்பத்தான் பார்ப்பார்கள். நான் இதுவரை பார்த்ததில் இதற்கு விலக்கு இல்லை.

2025 பெப்ரவரி 24

நேற்று எழுதியதோடு சேர்க்க வேண்டியது: எண்பதையும் ஒரே வரிசையில் போட வேண்டாம். கருவியைத் திறக்கும் முன்னர் ஒரு தாளில் நான்காகப் பிரியுங்கள். எந்த மாதத்திலும் பயன்படுபவை, பருவத்துக்கு உரியவை, ஒரு குறித்த நாளுக்கு உரியவை, இனிப் பகிரக் கூடாதவை. நான்காவது பிரிவு வெறுமையாக இருக்கும் என்று எண்ணாதீர்கள். உரம் பற்றி 2021க்கு முன்னர் எழுதிய எந்தக் கட்டுரையையும் மறுபடி வாசிக்காமல் வரிசையில் சேர்க்க முடியாது. அந்த ஆண்டு இரசாயன உர இறக்குமதி தடைசெய்யப்பட்டு, ஆண்டு முடிவதற்குள் தடை விலக்கப்பட்டு, அதன் பின்னர் உரத்தின் விலையும் கிடைக்கும் வகைகளும் மாறிவிட்டன. டொலருக்கு ஏறத்தாழ 200 ரூபா இருந்த காலத்தில் எழுதிய செலவுக் கணக்குகளும் அப்படியே. 2022இல் அது 360 ரூபாவைத் தொட்டது. நீர் இறைக்கும் இயந்திரத்துக்கு மண்ணெண்ணெய்ச் செலவு இவ்வளவு என்று பழைய கட்டுரை சொல்லிக்கொண்டிருந்தால், அதை நம்பி ஒருவர் கணக்குப் போட்டுவிடக் கூடும். தானியங்கி வரிசை அந்தக் கட்டுரையைப் புதிய செய்தி போல ஒவ்வொரு சுற்றிலும் முன்னே கொண்டுவந்து வைக்கும். இந்த ஆபத்தைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை.

2025 மார்ச் 1

நான்கு வாசகங்களை எப்படி எழுதுவது என்று இருவர் கேட்டிருக்கிறார்கள். கிணறு இறைத்துத் துப்புரவாக்குவது பற்றிய கட்டுரையை எடுத்துக்கொள்வோம். ஒன்று, வாசகர் மனதில் ஏற்கெனவே இருக்கும் கேள்வி: மழைக்கு முன்னர் இறைப்பதா, பின்னர் இறைப்பதா? இரண்டு, கட்டுரையின் நடுவில் இருக்கும் ஒரு செய்தி: யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு இல்லை, சுண்ணாம்புக்கல்லுக்குள் தேங்கும் மழைநீரே நமக்குக் கிணற்று நீராக வருகிறது, ஆகவே மேலே கொட்டும் உரமும் கழிவும் கீழே இறங்கும். மூன்று, படமும் ஒரு வரியும் மட்டும். நான்கு, ஒரு வாசகர் கட்டுரையின் கீழ் எழுதிய அனுபவம், அவருடைய சம்மதத்தோடு. தலைப்பையும் இணைப்பையும் மட்டும் ஒட்டுவதை நான் ஒரு வாசகமாகவே கணக்கெடுப்பதில்லை. இணைப்பைப் போட்டவுடன் வரும் முன்தோற்றத்திலேயே தலைப்புத் தெரிகிறதே.

முன்தோற்றத்தைப் பற்றியும் ஒன்று. கட்டுரையின் தலைப்பையோ படத்தையோ நீங்கள் பின்னர் மாற்றினாலும், பேஸ்புக் பழையதைச் சேமித்து வைத்திருந்து அதையே காட்டக்கூடும். பேஸ்புக்கின் பகிர்வுச் சோதனைப் பக்கத்தில் இணைப்பைக் கொடுத்து, மறுபடி வாசிக்கச் செய்த பிறகே வரிசையில் சேருங்கள். படம் 1200க்கு 630 புள்ளி அளவில் இருந்தால் வெட்டுப்படாது.

2025 மார்ச் 2

நீளக் கணக்கை நேற்றே எழுதியிருக்க வேண்டும். எக்ஸ் தளத்தின் 280 என்ற எல்லையை நாம் எழுத்தாக எண்ணுகிறோம். அது யூனிகோட் குறிகளாக, அதாவது கணினி எழுத்துக்களைச் சேமிக்கும் குறிகளாக எண்ணுகிறது. யாழ்ப்பாணம் என்ற சொல்லில் நமக்கு ஆறு எழுத்துக்கள். அங்கே அது பதினொன்று, ஏனெனில் ஒவ்வொரு புள்ளியும் ஒவ்வொரு துணைக்காலும் தனிக் குறி. இணைப்பு எவ்வளவு நீளமாக இருந்தாலும் 23 என்றே எண்ணப்படும். புளூஸ்கை தளத்தில் எல்லை 300, ஆனால் அங்கே எண்ணுவது கண்ணுக்குத் தெரியும் முழு எழுத்தை. ஆகவே அதே யாழ்ப்பாணம் அங்கே ஆறுதான். எக்ஸ் தளத்துக்காகச் சுருக்கிய வாசகத்தையே எல்லா இடத்துக்கும் அனுப்புவது, தமிழில் எழுதுகிறவர்களுக்கு வீண் நட்டம்.

இணைப்பின் முகவரியிலும் இதே சிக்கல் உண்டு. தமிழ்த் தலைப்பை, தளங்களை நடத்தும் மென்பொருளான வேர்ட்பிரஸ் அப்படியே முகவரியாக மாற்றும்போது, ஒவ்வொரு குறியும் விழுக்காட்டுக் குறிகளோடு கூடிய ஒன்பது இடங்களைப் பிடிக்கும். மொத்த எல்லை 200. யாழ்ப்பாணத்துக் கிணறுகளை எப்போது இறைக்க வேண்டும் என்று தலைப்பு வைத்தால், முகவரி "யாழ்ப்பாணத்துக்-கிணறுகள" என்று அறுந்து நிற்கும். அதே சொற்களில் தொடங்கும் இன்னொரு கட்டுரைக்கு அதே முகவரியோடு 2 என்ற இலக்கம் ஒட்டிக்கொள்ளும். வட்ஸ்அப்பில் அது ஒரு பந்தி நீளத்துக்கு விழுக்காட்டுக் குறிகளாக வந்து விழும்போது, வயதானவர்கள் அதை வைரசு என்று நினைத்து அழுத்த மறுக்கிறார்கள். என் உறவினர் சிலரே அப்படிச் செய்தார்கள். வெளியிடும் முன்னரே முகவரியை இரண்டு மூன்று சொற்களுக்குள் சுருக்கி எழுதிக்கொள்ளுங்கள். வெளியிட்ட பிறகு மாற்றினால், ஏற்கெனவே வரிசையில் இருக்கும் பதிவுகள் பழைய முகவரியோடே போகும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

2025 மார்ச் 10

நேற்று ரொறன்ரோவில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளிவிட்டார்கள். இலண்டனில் அது மார்ச் 30ஆம் திகதிதான் நடக்கும். இந்த மூன்று கிழமையும் நம் பதிவுகளின் நேரத்தைக் கவனிக்க வேண்டிய காலம்.

நமது வாசகர்களில் பெரும் பங்கினர் ஊரில் இல்லை என்பதை எல்லோரும் அறிவோம். பின்னேரம் ஏழு மணிக்கு இங்கு ஒரு பதிவு போட்டால், மாரிகாலத்தில் ரொறன்ரோவில் காலை எட்டரை, இலண்டனில் பிற்பகல் ஒன்றரை, மெல்பேணில் நள்ளிரவு கடந்து பன்னிரண்டரை. மூன்று இடத்திலும் பெரும்பாலானோர் வேலைக்குப் புறப்படும் நேரமாகவோ, வேலையில் இருக்கும் நேரமாகவோ, தூக்கமாகவோ இருக்கிறது. நான் கைக்கொள்வது இரண்டு நேரங்கள். காலை ஏழரை: இங்கு வேலைக்குப் போகும் முன் கைப்பேசியைப் பார்க்கும் நேரம், ரொறன்ரோவில் முதல் நாள் இரவு ஒன்பது, மெல்பேணில் மதியம் ஒரு மணி. இரவு ஒன்பதரை: இங்கு சாப்பாடு முடிந்த நேரம், இலண்டனில் நான்கு, பாரிசிலும் சூரிச்சிலும் ஒஸ்லோவிலும் ஐந்து. கோடைகாலக் கணக்கில் வட அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் இவை ஒரு மணி நேரம் பிந்தும். இரண்டு நேரங்களும் அந்த மாற்றத்தைத் தாங்கும்.

கருவியின் கணக்கு எந்த நாட்டு நேரத்தில் அமைக்கப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். கனடாவில் இருக்கும் தம்பியோ மச்சானோ தன் வங்கி அட்டையில் பணம் கட்டித் திறந்து கொடுத்த கணக்காக இருந்தால், அது பெரும்பாலும் ரொறன்ரோ நேரத்தில் இருக்கும். அப்போது மாரியில் இங்கு ஏழரைக்கு வந்த பதிவு, கோடையில் ஆறரைக்கு வரும். கொழும்பு நேரம் என்று மாற்றி வைத்தால், ஊரில் உள்ளவர்களுக்காவது நேரம் நிலையாக இருக்கும்.

2025 மார்ச் 12

மானிப்பாயிலிருந்து ஒரு வாசகர், ஐம்பது பதிவுகளை அட்டவணையாக ஏற்றியபோது எல்லாம் கேள்விக்குறிகளாகிவிட்டன என்கிறார். எக்செல் அட்டவணையைச் சாதாரண சிஎஸ்வி கோப்பாக (காற்புள்ளியால் பிரித்த வெறும் எழுத்துக் கோப்பாக) சேமித்தால் தமிழ் எழுத்துக்கள் அழிந்து கேள்விக்குறிகளே எஞ்சும். சேமிக்கும் இடத்தில் யூடிஎஃப்-8 என்று பெயரிட்ட சிஎஸ்வி வகை தனியாக உண்டு, அதையே தெரிவுசெய்ய வேண்டும். கேள்விக்குறியாகிவிட்ட கோப்பிலிருந்து தமிழை மீட்க முடியாது, ஆகவே மூல அட்டவணையை அழிக்க வேண்டாம். அவருடைய பதிவுகளில் சில கேள்விக்குறியாகாமல் ஆங்கில எழுத்துக்களின் கலவையாகத் தெரிகின்றனவாம். அவை பாமினி என்ற பழைய எழுத்துருவில் தட்டச்சுச் செய்தவை. இங்கே அச்சகங்களிலும் பாடசாலைகளிலும் இன்றும் பாமினி புழக்கத்தில் இருக்கிறது. அந்த எழுத்துருவில் கணினிக்குள் பதிவாவது ஆங்கில எழுத்துக்களே, தமிழ் வடிவம் எழுத்துருவில் மட்டும்தான். யூனிகோடுக்கு மாற்றிய பிறகே அட்டவணையில் சேர்க்க வேண்டும்.

திகதியையும் பாருங்கள். 04/05/2025 என்றால் நமக்கு மே 4. அமெரிக்க முறையில் இயங்கும் கருவிக்கு ஏப்பிரல் 5. நாள் 12ஐத் தாண்டினால் கருவி ஏற்க மறுக்கும், நமக்கும் தெரிந்துவிடும். பன்னிரண்டுக்குள் இருந்தால் எந்த எச்சரிக்கையும் இல்லாமல் தவறான மாதத்தில் போய் உட்கார்ந்துவிடும். ஆண்டு, மாதம், நாள் என்ற ஒழுங்கில் 2025-05-04 என்று எழுதுவதே பாதுகாப்பு.

2025 மார்ச் 29

இரண்டாம் யோசனை. நாளுக்கு ஒன்று என்று பெப்ரவரி 23இல் எழுதினேன். நான்காகப் பிரித்துப் பார்த்த பிறகு, எந்த மாதத்துக்கும் உரியவை தன்னிடம் 36 மட்டுமே இருக்கின்றன என்று கேள்வி கேட்ட சகோதரி அறிவித்திருக்கிறார். நாளுக்கு ஒன்று என்றால் ஐந்து கிழமையில் சுற்று முடிந்துவிடும், அது நெருக்கம். கிழமைக்கு மூன்று என்று குறைத்தால் சுற்று 12 கிழமை, நான்கு வாசகங்களோடு 48 கிழமை. ஆனால் 36ஐ மூன்றால் வகுத்தால் மிச்சம் இல்லாததால், செவ்வாய்க்கிழமை வந்த கட்டுரை என்றும் செவ்வாய்க்கிழமையே வரும். வெள்ளிக்கிழமை மட்டும் பார்க்கும் வாசகர் அதை ஒருபோதும் காணமாட்டார். ஒரு கட்டுரையைக் கூட்டி 37 ஆக்குங்கள், அல்லது ஒன்றைக் குறையுங்கள். ஒவ்வொரு சுற்றிலும் கிழமை நாள் தானாக நகரும்.

அதே நாளில், பிற்பகல்

பேஸ்புக் குழுக்களில் கருவி மூலம் இடலாம் என்று வாசகர் ஒருவர் எழுதியிருக்கிறார். அது இப்போது பொருந்தாது. குழுக்களுக்கான அந்த வழியை பேஸ்புக் 2024 ஏப்பிரல் 22இல் மூடிவிட்டது. ஊர்ச் சங்கக் குழுக்கள், பழைய மாணவர் குழுக்கள் ஆகியவற்றில் நீங்களே கையால்தான் பகிர வேண்டும், அதுவும் குழுவை நடத்துவோரிடம் கேட்ட பிறகு. அது நல்லதென்றே நான் கருதுகிறேன். குழுவில் ஒருவர் கேட்ட கேள்விக்கு விடையாக ஒரு பழைய கட்டுரையைக் கொடுப்பது, வரிசையில் வரும் பத்துப் பதிவுகளை விடப் பயன் தருகிறது.

2025 ஏப்பிரல் 21

இன்றைய திகதியில் இதை எழுதாமல் விட முடியவில்லை. 2019இல் இதே நாள் உயிர்த்த ஞாயிறு. கொழும்பிலும் நீர்கொழும்பிலும் மட்டக்களப்பிலும் தேவாலயங்களில் வழிபட்டுக்கொண்டிருந்த மக்கள் மீதும், தலைநகரின் விடுதிகளிலும் குண்டுகள் வெடித்து 250க்கும் மேற்பட்டோர் இறந்தனர். அன்று என் வரிசையில் மாம்பழப் பணியாரம் பற்றிய பதிவொன்று இரவுக்குக் குறிக்கப்பட்டிருந்தது. செய்தி வந்தவுடன் செய்த முதல் வேலைகளில் ஒன்று, வரிசை முழுவதையும் நிறுத்தியது. பின்னர் அரசாங்கம் பேஸ்புக், வட்ஸ்அப் உள்ளிட்டவற்றைத் தடைசெய்தது. தடை மாத இறுதி வரை நீடித்தது.

இங்கே கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. திட்டமிடும் கருவிகள் இயங்கும் கணினிகள் வெளிநாடுகளில் இருக்கின்றன. இங்கு தடை இருந்தாலும், மின்சாரம் இல்லாவிட்டாலும், நாம் உறங்கினாலும் பதிவு போய்ச் சேரும். 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணி நேர மின்வெட்டு இருந்தபோது அது நமக்கு உதவியாக இருந்தது. துயர நாளில் அதுவே கொடுமையாகிவிடும். நாட்டில் உள்ளவர்கள் தங்கள் பக்கத்தைத் திறந்து பார்க்கவே முடியாத நேரத்தில், வெளிநாட்டில் உள்ள வாசகர் இழப்புச் செய்திக்குக் கீழே நமது பணியாரத்தைப் பார்ப்பார்.

ஆகவே, தொடத் தேவையில்லை என்று கேள்வியில் இருந்த வரியோடு நான் உடன்படவில்லை. வரிசையை நிறுத்தும் பொத்தான் எங்கே இருக்கிறது என்று இன்றே பாருங்கள். கடவுச்சொல் உங்களைத் தவிர இன்னொருவரிடமும் இருக்கட்டும், அவர் நாட்டுக்கு வெளியே இருந்தால் மேலும் நல்லது. முன்கூட்டியே தெரிந்த நினைவு நாட்களில், மே 18 போன்ற நாளில், எந்தத் தானியங்கிப் பதிவும் வராதபடி நான் ஆண்டுத் தொடக்கத்திலேயே குறித்து வைத்துவிடுவேன். யார் எந்த நாளை நினைவுகூர்கிறார்கள் என்பது வேறுபடலாம். தன் வாசகர் எந்த நாளில் அழுகிறார் என்பதை எழுதுகிறவர் அறிந்திருக்க வேண்டும்.

2025 மே 4

வேர்ட்பிரஸ்ஸின் உள்ளேயே இயங்கும் நீட்சியை (பிளக்இன்) கொண்டு சுழற்சிப் பகிர்வு செய்கிறவர்கள் சிலர், குறித்த நேரத்துக்குப் பதிவு போவதில்லை என்று முறையிடுகிறார்கள். வேர்ட்பிரஸ்ஸின் உள் கடிகாரம் தானாக ஓடுவதில்லை. யாராவது ஒருவர் தளத்தைத் திறக்கும்போதுதான், நேரம் வந்துவிட்ட வேலை ஏதும் உண்டா என்று அது பார்க்கும். காலை ஏழரைக்குக் குறித்திருந்து, ஒன்பது மணிக்குத்தான் முதல் வாசகர் வந்தார் என்றால், பதிவு ஒன்பதுக்கே போகும். தளத்துக்கு இடம் வாடகைக்குத் தருகிறவரிடம், வழங்கிக் கணினியிலிருந்தே குறித்த இடைவெளியில் அதை எழுப்பும் ஏற்பாட்டைக் கேளுங்கள். பெரும்பாலான வழங்கிகளின் கட்டுப்பாட்டுப் பலகையில் அது உண்டு.

2025 மே 31

1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டது இன்றிரவு. ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் அழிந்தன. நூலகம் பற்றிய கட்டுரையைப் பொது வரிசையில் போட்டால், அது ஒரு தை மாதக் காலையில் முருங்கைக்காய்க் கறிக்கும் பூசணிப் பந்தலுக்கும் இடையே வந்து நிற்கும். குறித்த நாளுக்கு உரிய கட்டுரைகளுக்கு ஆண்டுக்கு ஒரு முறை மட்டும் இயங்கும் தனி வரிசை வையுங்கள், அதற்குரிய வாசகத்தை ஒவ்வொரு ஆண்டும் புதிதாக எழுதுங்கள். இந்த ஒரு பிரிவில் பழைய வாசகத்தை மறுபடி பயன்படுத்த என் மனம் ஒப்புவதில்லை.

2025 யூலை 16

நாளை ஆடிப்பிறப்பு. கூழும் கொழுக்கட்டையும் பற்றிய பதிவுகள் இன்று காலையே போய்விட்டன. சாமான் வாங்குவதற்கு ஒரு நாள் வேண்டுமல்லவா.

ஆண்டுக்கு ஒரு முறை என்று கருவியில் குறித்தால் அது ஆங்கிலத் திகதியையே பிடித்துக்கொள்ளும். ஆடிப்பிறப்பு, தைப்பொங்கல், சித்திரை வருடப்பிறப்பு ஆகியவை சூரிய மாதத்தை ஒட்டியவை. ஒரு நாள் முன்பின் மாறினாலும் சமாளிக்கலாம். நல்லூர்த் திருவிழா அப்படி அல்ல. ஆடி அமாவாசையை அடுத்து ஆறாம் நாள் அளவில் கொடியேறுகிறது. 2023இல் ஓகஸ்ட் 21, 2024இல் ஓகஸ்ட் 9, இந்த ஆண்டு யூலை 29. அடுத்த ஆண்டு ஆடி அமாவாசை ஓகஸ்ட் 12 என்பதால் கொடியேற்றம் மறுபடி ஓகஸ்ட் நடுப்பகுதிக்குப் போய்விடும். 2023இல் குறித்த ஆண்டுச் சுழற்சியை அப்படியே விட்டிருந்தால், இந்த ஆண்டு கொடியேற்றப் பதிவு தேர்த் திருவிழா நாளில் வெளிவரும். தீபாவளி, கந்தசட்டி, கார்த்திகை விளக்கீடு, சிவராத்திரி எல்லாம் இவ்வகையே. பஞ்சாங்கம் கைக்கு வந்தவுடன் உட்கார்ந்து, அந்த ஆண்டுக்குரிய திகதிகளைக் கையால் மாற்றுவதைத் தவிர வேறு வழி நான் காணவில்லை. ஒரு பின்னேர வேலைதான்.

பருவக் கட்டுரைகளுக்கு இன்னொரு நுட்பம் உண்டு. சமையற் குறிப்பு என்றால் பொருள் சந்தைக்கு வரும் கிழமையில் வர வேண்டும். செய்கை பற்றியது என்றால் அந்தச் செய்கை தொடங்குவதற்கு மூன்று நான்கு கிழமைக்கு முன்னர் வர வேண்டும். பனங்கிழங்கைப் பற்றி எல்லோரும் தை மாதத்தில் பகிர்கிறார்கள். அது அவித்துச் சாப்பிடும் காலம். பாத்தி போடுவது பற்றிய கட்டுரை, பனம்பழம் விழுந்து விதை சேரும் ஓகஸ்ட், செப்ரெம்பரிலேயே வெளிவர வேண்டும். தை மாதத்தில் அதை வாசிப்பவர் அடுத்த செப்ரெம்பருக்குள் மறந்துவிடுவார். கறுத்தக்கொழும்பான் மாம்பழம், நுங்கு, ஒடியல் எல்லாவற்றுக்கும் இப்படி இரண்டு நேரங்கள் உண்டு. கிணறு இறைப்பதற்கு ஓகஸ்ட் நடுப்பகுதி முதல், அதாவது ஐப்பசி மழைக்கு நன்றாக முன்னர். தோட்டத்தில் எந்தப் பாத்திக்கு எப்போது தண்ணீர் மாற வேண்டும் என்று பார்த்து மாறுகிறவரைப் போல, கட்டுரைகளையும் பயிரின் நாளைப் பார்த்து விட வேண்டும்.

2025 ஓகஸ்ட் 3

பலனை எப்படி அளப்பது என்ற கேள்விக்குச் சுருக்கமாக. இணைப்பின் கடைசியில் யூடிஎம் என்னும் அடையாளச் சொற்களைச் சேர்த்தால், எந்தத் தளத்திலிருந்து, எந்த வாசகத்தால் ஒருவர் வந்தார் என்பது, தள வருகையை எண்ணிக் காட்டும் கூகிள் அனலிற்றிக்ஸில் தெரியும். நான்கு வாசகங்களுக்கும் நான்கு வேறு அடையாளங்கள் கொடுங்கள். இரண்டு சுற்று முடிந்ததும், ஒருவரையும் கொண்டுவராத வாசகத்தை மாற்றி எழுதுங்கள். விருப்பக் குறிகளை எண்ண வேண்டாம். விருப்பக் குறி இட்டவர் கட்டுரையைத் திறந்தார் என்பதற்கு அது சான்றல்ல.

இந்த அளவீட்டில் பெரிய ஓட்டை ஒன்று உண்டு. நம்மவர்கள் கட்டுரைகளை அதிகம் பரிமாறுவது வட்ஸ்அப்பிலும் வைபரிலும். யூடிஎம் இல்லாத வெறும் இணைப்பை அங்கு அழுத்தி வருகிறவர் பெரும்பாலும் நேரடியாக வந்தவர் என்றே கணக்கில் விழுவார். ஆகவே சுழற்சிப் பதிவுக்குப் பத்துப் பேர்தான் வந்தார்கள் என்று மனம் தளர வேண்டாம். அந்தப் பத்தில் ஒருவர் தன் குடும்பக் குழுவில் போட்டிருப்பார். பதிவு வந்த நாளிலும் மறுநாளிலும் அந்தக் கட்டுரைக்கு நேரடி வருகை கூடியிருக்கிறதா என்று பாருங்கள். அதுதான் உண்மைக்குக் கிட்டிய அளவு. வட்ஸ்அப் ஒலிபரப்புப் பட்டியலைக் கருவியாகப் பயன்படுத்த எண்ணுவோர், ஒரு பட்டியலில் 256 பேர் வரைதான் என்பதையும், உங்கள் எண்ணைத் தம் கைப்பேசியில் சேமித்தவர்களுக்கு மட்டுமே அது போய்ச் சேரும் என்பதையும் அறிந்து தொடங்குங்கள். ரெலிகிராமில் முன்கூட்டி நேரம் குறிக்கும் வசதி செயலிக்குள்ளேயே இருக்கிறது.

2025 செப்ரெம்பர் 7

கோண்டாவில் சகோதரி தன் வரிசையைக் காட்டி அபிப்பிராயம் கேட்டிருக்கிறார். பொதுக் கட்டுரைகள் 37, கிழமைக்கு மூன்று. பருவக் கட்டுரைகள் 25, தனி நாட்காட்டியில். குறித்த நாளுக்கு உரியவை ஆறு, கையால். மீதி 12 ஒதுக்கப்பட்டு, அவற்றில் ஐந்து திருத்தி எழுதப்பட்டுக்கொண்டிருக்கின்றன. அந்த ஐந்தும் முடிந்ததும் புதிய கட்டுரைகளாகவே வெளியிடுங்கள். பழைய முகவரியிலிருந்து புதியதற்குத் திருப்பிவிடுங்கள். பனங்கிழங்குப் பாத்திக் கட்டுரையை ஒக்ரோபர் 20க்கு வைத்திருக்கிறீர்கள். அதை இந்தக் கிழமைக்கே கொண்டுவாருங்கள். விதைகள் இப்போதே வளவுகளில் குவிந்து கிடக்கின்றன.